பழைய கம்ப்யூட்டருக்குள் குழந்தையின் படங்கள்!

கிரைண்டர் நின்றால் பெல்ட்டைப் பார்க்கிறோம். தையல் மெஷின் நூலை அறுத்தால் ஊசியை மாற்றுகிறோம். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மட்டும், 'போச்சு, எடைக்குப் போடு' என்று ஏன் முடிவு கட்டுகிறோமோ!

எங்கள் அதியமான்கோட்டையில், காலபைரவர் கோயில் பக்கம் குடியிருக்கும் அக்கா ஒருவர் வீட்டில் 2005-ல் வாங்கிய கம்ப்யூட்டர் இருக்கிறது. விண்டோஸ் பாதியிலேயே நின்றுவிடுகிறதாம். "மெஷின் போனாப் போகுது கண்ணு. எங்க மாமியார் என் மகளை மடியில வெச்சிருக்கிற படம் அதுலதான் கிடக்கு. வேற எங்கயும் இல்ல" என்றார். மாமியார் காலமாகிப் பல வருஷமாகிறது. ஒரு கடையில், புதிதாக விண்டோஸ் ஏற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள்.

அழிக்காமல் திறக்க வழி உண்டு, சகோதரிகளே. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளில் சில வகைகளை ஹார்டு டிஸ்கில் ஏற்றாமல், டிஸ்கிலிருந்தே ஓட்டலாம். என் மகன் அப்படி ஒன்று எழுதிக் கொடுத்தான். போட்டால், கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தவள் நான். முதலில் திரையில் தேதியைப் பார்த்தேன். 2002 என்று காட்டியது! உள்ளே வட்டமாக ஒரு செல் இருக்கும், 'சி.ஆர். 2032' என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். அது தீர்ந்தால் கம்ப்யூட்டருக்குத் தேதியும் மறக்கும், நாம் செய்து வைத்த மாற்றங்களும் மறக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது.

பிறகு, எதிலிருந்து கிளம்புவது என்ற வரிசை. சுவிட்சைப் போட்டதும் 'டெலிட்' அல்லது 'எஃப் 2' பட்டனைத் தட்டினால் ஒரு நீலத் திரை வரும். (சில மெஷினில் நிறம் வேறு.) அதில் 'பூட்' என்ற பக்கத்தில் சி.டி.யை ஹார்டு டிஸ்குக்கு முன்னால் கொண்டுவந்து, 'எஃப் 10' அழுத்திச் சேமிக்க வேண்டும். சி.டி.யிலிருந்து கிளம்பும் இந்த முறையை 1995-ல் பீனிக்ஸ், ஐ.பி.எம். கம்பெனிகள் வகுத்தன. அதற்கு 'எல் டோரிடோ' என்று ஒரு ஓட்டல் பெயரை வைத்தார்களாம்!

அப்படியும் அசையவில்லை. டிரைவின் மூடியைப் பார்த்தேன். 'காம்பாக்ட் டிஸ்க்' முத்திரைதான் இருந்தது; டி.வி.டி. என்று இல்லை. மகன் எழுதியதோ டி.வி.டி.! சி.டி.யில் 700 எம்.பி. கொள்ளும், டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. டி.வி.டி.யின் புள்ளிகள் இன்னும் பொடி. படிக்கும் லேசர் ஒளியே வேறு. பழைய சி.டி. டிரைவுக்கு அது கண்ணில் படாது. பென் டிரைவிலிருந்து கிளம்பவும் அந்த மெஷினுக்குத் தெரியவில்லை.

சி.டி.க்குள் அடங்கும் 'பப்பி லினக்ஸ்' இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பாரி காலர் என்பவர் 2003-ல் தொடங்கியது. அதில் பழைய மெஷினுக்கு ஏற்ற 32 பிட் வகையை எடுக்கச் சொன்னேன். இறக்கிய ஃபைலை அப்படியே சி.டி.யில் காப்பி செய்தால் கிளம்பாது. மாவைக் குண்டானோடு வைத்துவிட்டு இட்லி எங்கே என்று கேட்பது போலத்தான். 'இமேஜ்' ஆக எழுத வேண்டும். சரியாக எழுதிய சி.டி.யைத் திறந்தால் பல ஃபைல்கள் தெரியும். ஒன்றே ஒன்று தெரிந்தால் எழுதியது தப்பு.

இந்தத் தடவை கிளம்பியது. ஹார்டு டிஸ்கைத் திறந்து படங்களைப் பென் டிரைவில் எடுத்தோம். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "இதோ பாரு, அத்தை" என்று திரையைத் தொட்டவர், அப்புறம் வெகு நேரம் பேசவில்லை.

ஹார்டு டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் மட்டும் இதையெல்லாம் முயலாதீர்கள். உடனே நிறுத்தி, தகவல் மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஓட ஓட இன்னும் கெடும். மற்றபடி விண்டோஸோ வேறெதுவோ புதிதாக ஏற்றுவது, படங்கள் இரண்டு இடத்தில் பத்திரமான பிறகுதான். அக்கா பென் டிரைவை மஞ்சள் துணியில் சுற்றி நகைப் பெட்டியில் வைத்திருக்கிறார். இன்னொரு பிரதி மகளின் போனில் இருக்கிறது.