பழைய இசைத்தட்டு வாங்குகிறீர்களா? கம்ப்யூட்டரால் சரிசெய்ய முடியாதது எது?

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததும் பழைய ரிக்கார்டுகளை எம்பி3 ஆக மாற்றும் ஆசை பலருக்கு வருகிறது. "கீறலை எல்லாம் சாப்ட்வேர் எடுத்துவிடும்" என்று நம்பி, கிடைக்கும் தட்டை எல்லாம் வாங்கிவிடாதீர்கள். எது நீங்கும், எது நீங்காது என்பதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நம் மின்சார ரயில்களில் பல போய் நிற்கும் நிலையத்தின் பெயரே மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். 1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட் இருந்த இடம் அது. அங்கிருந்த கடைகள் பக்கத்திலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. பழைய ரிக்கார்டு தேடுபவர்கள் போகும் இடம் அது.

தட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் தொட்டுப் பிடியுங்கள். உறை ஒரு படம், உள்ளே வேறு படம் என்பது சகஜம், லேபிளைப் படியுங்கள். பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

குறுக்கே விழுந்த கீறல் பார்க்கத்தான் பயமாக இருக்கும். நகத்தில் தட்டுப்படாவிட்டால் பெரும்பாலும் 'டிக்' சத்தத்தோடு சரி. எல்.பி. தட்டில் 1.8 விநாடிக்கு ஒருமுறை அது கேட்கும். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரின் எஃபெக்ட் மெனுவில் உள்ள கிளிக் ரிமூவல் இதைப் பெருமளவு எடுத்துவிடும். பள்ளத்தை ஒட்டியே ஓடும் ஆழமான கீறல் என்றால் முள் தாவிவிடும். பதிவாகாத பாட்டை எந்த சாப்ட்வேரும் கொண்டுவராது.

இதைவிட மோசம், கீறலே இல்லாமல் பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்தது போல் இருக்கும் தட்டு. தேய்ந்த முள் பள்ளத்தின் சுவர்களை அரைத்துவிட்டது என்று அர்த்தம். உரத்துப் பாடும் இடங்களில் குரல் கரகரக்கும். 'டிக்' சத்தம் விநாடியில் ஆயிரத்தில் சில பங்குதான் இருக்கும். முன்னும் பின்னும் உள்ள ஒலியை வைத்து அந்த இடைவெளியை நிரப்பிவிடலாம். கரகரப்போ குரலோடேயே கலந்து கிடக்கிறது. நாய்ஸ் ரிடக்ஷன் போட்டாலும் போகாது. இப்படிப்பட்ட தட்டைச் சும்மா கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

கடைக்காரர் போட்டுக் காட்டினால் முதல் பாட்டை விட்டுவிட்டு, லேபிளை ஒட்டியுள்ள கடைசிப் பாட்டைக் கேளுங்கள். தேய்மானம் அங்கேதான் முதலில் தெரியும். பிளேயர் இல்லையென்றால் நடுத் துளையைச் சுற்றிப் பாருங்கள். லேபிளில் மெல்லிய கோடுகள் ஏராளமாக இருந்தால் தட்டு நிறையச் சுழன்றிருக்கிறது.

கண் மட்டத்தில் பிடித்து வளைவையும் பாருங்கள். லேசான வளைவு பரவாயில்லை. தூசியும் பூஞ்சையும் பெரும்பாலும் கழுவினால் போய்விடும். ஆனால் 78 வேகத் தட்டுகள் அரக்கில் செய்தவை. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்.

பழைய தமிழ்ப் படத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ. அவற்றையும் ஸ்டீரியோவாகவே பதிவு செய்து, இரண்டு சேனல்களில் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தின் ஒரு சுவர் தேய்ந்து மறு சுவர் நன்றாக இருப்பதும் உண்டு.