ஒரு ‘ஷல்’ படுத்திய பாடு

உத்தரப்பிரதேச அரசு ஊழியர் ஒருவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. தேர்வாணையத்தை முறையாகக் கலந்தாலோசிக்கவில்லை, ஆகவே உத்தரவு செல்லாது என்று அவர் வழக்காடினார். அரசியல் சாசனத்தின் 320(3) பிரிவு, ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆங்கில மூலத்தில் அங்கே நிற்கும் துணைவினை ‘ஷல்’. ஆனால் 1957ல் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது: அந்த ‘ஷல்’ வழிகாட்டுவது மட்டுமே, கட்டாயப்படுத்துவது அல்ல.

‘ஐ’, ‘வீ’ இரண்டுக்கும் ‘ஷல்’, மற்றவற்றுக்கு ‘வில்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அது எதிர்காலத்தைச் சொல்வதற்கான விதி. சட்டத்திலும் ஒப்பந்தத்திலும் இந்தச் சொல்லின் வேலை கடமையைச் சுமத்துவது. அந்த வேலையையும் அது ஒழுங்காகச் செய்ததில்லை என்பதுதான் வரலாறு. ஒரு பாதிரியார் மீது வந்த புகாரை விசாரிக்கும்படி ஆக்ஸ்போர்டு பிஷப்பைக் கட்டாயப்படுத்த முடியுமா என்ற வழக்கில், 1880ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை முடியாது என்றது. சட்டத்தில் ‘ஷல்’ இருந்தும், அது வந்த சொற்றொடர் பிஷப்புக்கு அதிகாரம் தந்ததே தவிர, அதைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. அமெரிக்கர்கள் ஒரு கட்டத்தில் பொறுமையிழந்து, 2007ல் திருத்தி எழுதிய கூட்டாட்சி உரிமையியல் நடைமுறை விதிகளில் ‘ஷல்’லையே ஒழித்துக்கட்டினார்கள். கட்டாயம் என்றால் ‘மஸ்ட்’, விருப்பம் என்றால் ‘மே’. மிகச் சரியான முடிவு.

இணையத்தை வடிவமைத்த பொறியாளர்கள் இதில் இன்னும் கறார். 1997ல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆவணம் இந்தத் துணைவினைகளுக்கென்றே எழுதப்பட்டது. ‘மஸ்ட்’ என்றால் விலக்கே கிடையாது. ‘ஷுட்’ என்றால், விளைவுகளை நன்கு யோசித்து, தக்க காரணம் இருந்தால் விலகலாம். ‘மே’ என்றால் அவரவர் விருப்பம்.

துணைவினை மட்டுமல்ல, வினையின் காலமும் இப்படித்தான் வழக்கைத் திருப்பிவிடும். அமெரிக்காவில், பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் மாநிலம் விட்டு மாநிலம் போய், அங்கே தன்னைப் பதிவு செய்யாவிட்டால் குற்றம் என்று 2006ல் சட்டம் வந்தது. அதில் ‘ட்ராவல்ஸ்’ என்று நிகழ்காலத்தில் இருந்தது. சட்டம் வருமுன்பே இடம் மாறிய ஒருவர் மீது வழக்கு. இறந்தகாலப் பயணம் இந்த வினைக்குள் அடங்காது என்று 2010ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நம் வகுப்பறைகளிலோ துணைவினை இன்னும் கோடிட்ட இடத்தை நிரப்பும் ஒரு மதிப்பெண் கேள்விதான். யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை அந்தச் சின்னச் சொல் தீர்மானிக்கிறது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தராதது எனக்குப் பெரிய வருத்தம். பிறகு அவர்கள்தான் ஆங்கிலத்தில் அடித்த வாடகை ஒப்பந்தத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடுகிறார்கள். வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருவது பற்றிய வரியில் ‘மே’ இருந்தால், பேனாவை எடுக்குமுன் அதை ‘மஸ்ட்’ என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ‘மே நாட்’ என்று வந்தால் இன்னும் கவனம் தேவை. செய்யக்கூடாது என்றும் படிக்கலாம், செய்யாமல் போகலாம் என்றும் படிக்கலாம். எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.