வக்கீல் கையில் கட்டு, கட்சிக்காரர் கையில் என்ன?

கறம்பக்குடிப் பக்கம் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். பங்காளி போட்ட பாகப்பிரிவினை வழக்கு. காலை பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டை கோர்ட்டுக்கு வந்தால் குமாஸ்தா, "இன்னிக்கு வாய்தாண்ணே, அடுத்த மாசம் வாங்க" என்கிறார். ஒரு டீ, திரும்பவும் பஸ். இப்படியே நாலு வருடம். ஒருநாள் ஊரில் யாரோ சொல்லித்தான் தெரிகிறது, இவர் தரப்பில் யாரும் ஆஜராகாததால் வழக்கு எப்போதோ எக்ஸ்பார்ட்டி ஆகித் தீர்ப்பும் வந்துவிட்டது. வழக்குக் கட்டைக் கேட்டால், "பாக்கி ஃபீஸைக் கட்டிட்டு வாங்கிக்குங்க" என்று பதில்.

இவர் எங்கே போவார்? வாங்கிய டிராக்டர் ஓடாவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படியேறலாம். டாக்டர் மீதும் உச்ச நீதிமன்றத்தின் 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பு தந்த தைரியத்தில் ஏறலாம். வக்கீல் மீது மட்டும் முடியாது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது.

சாத்தப்பட்ட கதையின் ஆரம்பம் டெல்லியில் ஒரு 20,000 ரூபாய் செக். அது பணமில்லாமல் திரும்பியதால் டி.கே.காந்தி என்பவர் ஒரு வக்கீலை வைத்து வழக்குப் போட்டார். எதிராளி இறங்கிவந்து 20,000 ரூபாயும், செலவுக்கு 5,000 ரூபாயும் தர ஒப்புக்கொண்டார். வக்கீல் அதை வாங்கிக்கொண்டு கட்சிக்காரரிடம் உடனே தரவில்லை, தன் ஃபீஸுக்காக வழக்குப் போட்டார் என்பது புகார். மாவட்ட நுகர்வோர் மன்றம் கட்சிக்காரர் பக்கம், மாநில ஆணையம் வக்கீல் பக்கம், 2007இல் தேசிய ஆணையம் மறுபடி கட்சிக்காரர் பக்கம். வக்கீலின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்கும் என்றது அது. சென்னை உயர் நீதிமன்றமும் 1996இலேயே ஏறக்குறைய அப்படித்தான் சொல்லியிருந்தது. தேசிய ஆணையத்தின் உத்தரவை 2009இல் நிறுத்திவைத்த உச்ச நீதிமன்றம், இறுதி முடிவு சொல்ல மேலும் 15 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

நீதிபதிகள் பெலா எம்.திரிவேதி, பங்கஜ் மித்தல் அமர்வு சொன்ன காரணம் இதுதான்: வக்கீல் கட்சிக்காரரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர், அவர் அனுமதியில்லாமல் சமரசம்கூடச் செய்ய முடியாது, ஆகவே இது 'தனிப்பட்ட சேவை ஒப்பந்தம்', நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே. வக்கீல் கட்சிக்காரரின் கட்டுப்பாட்டில் இருக்கிறார் என்பதைக் கோர்ட் வராந்தாவில் காத்துக்கிடந்த யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டும்.

மிச்சமிருப்பது பார் கவுன்சில். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு, 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி புகார் தரலாம். மனுவாக எழுதி, கையெழுத்திட்டு, உறுதிமொழி சேர்த்து, கட்டணத்தோடு தர வேண்டும். வக்காலத்தில் வக்கீல் பெயருக்குக் கீழே இருக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டால் ஆளை அடையாளம் காட்டுவது சுலபம். முகாந்திரம் இருந்தால் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குப் போகும். ஓராண்டுக்குள் முடியாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும். தீர்ப்பு பிடிக்கவில்லையென்றால் 60 நாளில் இந்திய பார் கவுன்சிலுக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் அப்பீல் உண்டு. இந்த ஓராண்டுக் கெடுவை மதிக்கும்படி 2021இல் உச்ச நீதிமன்றம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

குழுவில் மூன்று பேர். மூவருமே வழக்கறிஞர்கள். அவர்கள் கண்டிக்கலாம், சிலகாலம் தொழிலுக்குத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். ஆனால் கறம்பக்குடிக்காரர் இழந்த நிலத்துக்கு இழப்பீடு என்ற பேச்சே அந்தப் பிரிவில் இல்லை. அதற்குத் தனியாக சிவில் வழக்குப் போட வேண்டும். இன்னொரு வக்கீலை வைத்துத்தான்.

இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் இதே கதைதான். வக்கீல்கள் மீதான புகாரை வக்கீல் சங்கங்களே விசாரித்தன. 2004இல் டேவிட் கிளெமென்டி அறிக்கை இதைக் கேள்வி கேட்டது, 2007இல் சட்டம் வந்தது, 2010 அக்டோபரில் தனி குறைதீர்ப்பாளர் அலுவலகம் திறந்தது. முதலில் வக்கீலிடமே புகார் சொல்ல வேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் அங்கே போகலாம். புகார்தாரருக்குச் செலவில்லை. 50,000 பவுண்டு வரை இழப்பீடு தரச் சொல்லலாம். தலைமைக் குறைதீர்ப்பாளர் வழக்கறிஞராக இருக்கக் கூடாது என்பது சட்டம்.

இந்தியாவும் முயலாமல் இல்லை. 2010இல் மத்திய சட்ட அமைச்சகம் இதே பாணியில் தனி வாரியமும் குறைதீர்ப்பாளரும் கொண்ட மசோதா வரைவை வெளியிட்டது. வக்கீல்கள் எதிர்த்தார்கள், கிடப்பில் போனது. 2017இல் சட்ட ஆணையத்தின் 266ஆவது அறிக்கை, ஒழுங்கு நடவடிக்கையில் வேறு துறையினருக்கும் இடம் கேட்டது. வக்கீல்கள் அதன் நகல்களை எரித்தார்கள். 2025 பிப்ரவரியில் வந்த வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவும் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. இதில் வக்கீல்களின் அச்சத்துக்கும் நியாயம் இருக்கிறது. அரசு நியமிக்கும் ஆட்கள் உள்ளே வந்தால், அரசை எதிர்த்து வாதாடும் வக்கீலின் கழுத்தில் அது கயிறாகலாம். ஆனால் அரசும் அல்லாத, வக்கீல் சங்கமும் அல்லாத ஒன்றை யோசிக்கவே கூடாதா?

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வழக்குத் தோற்றது புகார் ஆகாது. நல்ல வக்கீலும் தோற்பார். சொல்லாமல் சமரசம் செய்தது, வந்த பணத்தை மறைத்தது, ஆஜராகாமல் விட்டது, கட்டைப் பிடித்துவைத்தது, இவைதான் புகார். ஃபீஸ் பாக்கி என்று கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. ஃபீஸ் வேண்டுமென்றால் அவர் வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கீரனூர் வழியாகப் போகும் திருச்சி சாலையில் விபத்தில் சிக்கியவர் குடும்பத்திடம், "கேஸ் ஜெயிச்சா நூத்துக்கு இவ்வளவு" என்று யாராவது பேரம் பேசினால், அது பார் கவுன்சில் விதிப்படியே தவறு. ஜெயிப்பதைப் பொறுத்து ஃபீஸ் பேசவும் கூடாது, தொகையில் பங்கு கேட்கவும் கூடாது. கட்சிக்காரருக்காக வந்த பணத்தை உடனே அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதிதான். விபத்து இழப்பீட்டை நேராகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிலேயே போடும்படி 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பாஸ்புக்கையும், கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் யாரிடமும் கொடுக்காமல் இருந்தால் போதும்.

எக்ஸ்பார்ட்டி ஆனவர் மனு போட்டுத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். கெடு 30 நாள். தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும் மனுவும் சேர வேண்டும். வக்கீல் வராத குற்றத்துக்குக் கட்சிக்காரர் தண்டனை அனுபவிக்கக் கூடாது என்று 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இங்கே உதவும், ஆனால் எல்லாக் கோர்ட்டிலும் அப்படியே எடுபடும் என்று நம்பிவிட முடியாது. புது வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தருகிறது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. தொலைபேசி எண் 15100.

இதற்கெல்லாம் முந்தியது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு 16 இலக்கக் குறியீடு. பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் அது உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று செல்போனிலேயே வந்துவிடும். மகனோ மகளோ ரெண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள். "இன்னும் நம்பர் ஆகலை" என்று மாதக்கணக்கில் பதில் வந்தால், குமாஸ்தாவைக் கேட்பதை விட்டுவிட்டு, கோர்ட்டில் வழக்கைப் பதியும் பிரிவிலேயே போய்க் கேட்கலாம்.