பழைய காருக்கு விலை சொல்வது யார்?

சாவியைப் பாதி திருப்பிவிட்டு அண்ணை காத்திருந்தார். டேஷ்போர்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணைந்த பிறகுதான் முழுதாகத் திருப்ப வேண்டும். பழைய டீசல் என்ஜினுக்கு உள்ளே சூடேற அந்தச் சில நொடிகள் தேவை. விளக்கு அணைந்தது. வண்டி ஒருமுறை குலுங்கி, பின்னால் கொஞ்சம் புகையை விட்டு, கடகடவென்று ஓடத் தொடங்கியது. "முப்பது வருசத்துக்கு மேல என்னோட இருக்குது தம்பி, ஒருநாளும் நடுறோட்டில விட்டதில்லை" என்றார்.

ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் என் பக்கத்து வீட்டுக்காரர் அவர். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். கார், 1983இல் பதிவான மெர்சிடிஸ் 240 டி. 72 குதிரைத்திறன்தான். இந்த வரிசை 1975 முதல் 1986 வரை சுமார் 27 லட்சம் வண்டிகளாகத் தயாரானது. ஒரு காலத்தில் ஜெர்மன் டாக்சி என்றாலே இதுதான். அண்ணை இதை 1991இல் பழைய வண்டியாக வாங்கினார்.

அவரிடம் நான் கேட்டது கார் ஓடுவதைப் பற்றியல்ல, இன்ஷூரன்ஸ் பற்றி. அவர் 'காப்புறுதி' என்பார். இத்தனை வயதான வண்டிக்கு யார் காப்புறுதி தருகிறார்கள், எவ்வளவுக்குத் தருகிறார்கள்?

முதல் பாதிக்கு விடை எளிது. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு இங்கே கட்டாயம். ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்பார்கள். அது இல்லாமல் நம்பர் பிளேட்டே கிடைக்காது. சட்டப்படி ஆட்களுக்கு ஏற்படும் காயத்துக்குக் குறைந்தது 75 லட்சம் யூரோ வரை அது ஈடுகட்ட வேண்டும். கட்டாயம் என்று மக்களிடம் சொன்ன சட்டம், கம்பெனிகளையும் கட்டிப் போட்டிருக்கிறது. விண்ணப்பித்தவரை, சட்டம் சொல்லும் சில காரணங்கள் தவிர, அவை தட்டிக்கழிக்க முடியாது. வண்டி கிழடு என்பது அந்தக் காரணங்களில் இல்லை. இதை நான் மிக நல்ல சட்டமாக நினைக்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலானோர் சேகரிப்பாளர்கள் அல்ல, புதுசு வாங்க முடியாதவர்கள்.

சிக்கல் இரண்டாவது பாதியில். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காஸ்கோ காப்பீடு கம்பெனியின் விருப்பம். அங்கேதான் விலை என்ற கேள்வி வருகிறது. 2010இல் சிக்னலில் நின்றிருந்த அண்ணையின் காரை ஒருவர் பின்னாலிருந்து இடித்துவிட்டார். தவறு முழுக்க இடித்தவருடையது, ஈடு தர வேண்டியது அவருடைய ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட். அங்கேயும் அதே விலைக் கேள்விதான். மதிப்பீட்டாளர் வந்தார். இதே போன்ற கார் சந்தையில் 1,800 யூரோவுக்குக் கிடைக்கும் என்றார், பழுது பார்க்க 2,900 ஆகும் என்றார். சந்தை விலையை விட 30 சதவீதம் வரை கூடுதலாகச் செலவிட்டு, தன் சொந்த வண்டியையே பழுது பார்த்துக்கொள்ள ஜெர்மன் நீதிமன்றங்கள் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை கொடுத்திருக்கின்றன. 1,800க்கு அந்த எல்லை 2,340. அதைத் தாண்டிவிட்டதால் கணக்கில் கார் செத்துப்போனது. கையில் வந்த தொகையோடு பழைய பாகங்களைத் தேடி வாங்கி, நண்பர் ஒருவரின் பட்டறையில் மூன்று மாதம் உட்கார்ந்து அதை மீட்டார் அண்ணை.

அந்த விபத்துக்கு முந்தைய வருடம்தான், 2009இல், ஒன்பது வயதைத் தாண்டிய காரை நசுக்கக் கொடுத்துவிட்டுப் புதுக் கார் வாங்குவோருக்கு அரசு 2,500 யூரோ கொடுத்தது. 500 கோடி யூரோ செலவில் ஏறத்தாழ 20 லட்சம் கார்கள் போயின. அண்ணையின் மனைவியே, "குடுத்திட்டு ஒண்டு புதுசா எடுங்கோவன்" என்று சொன்னாராம். நியாயமான பேச்சுதான். மறுவருடம் இன்ஷூரன்ஸ் 1,800 யூரோ மதிப்பிட்ட வண்டிக்கு அரசு 2,500 தரத் தயாராக நின்றது.

பிறகு 2012 வந்தது. டோர்ட்முண்ட் உள்ளிட்ட ரூர் பகுதி நகரங்களின் மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்கள் ஒன்றாக இணைந்து விரிந்தன. கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லாத வண்டி உள்ளே வரக்கூடாது. பழைய டீசலுக்கு ஸ்டிக்கர் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் கார் கராஜிலேயே நின்றது. அப்போது அதன் வயது 29.

முப்பது ஆனதும் எல்லாம் மாறியது. 1997 ஜூலை முதல் ஜெர்மனியில், முதல்முறை சாலைக்கு வந்து 30 ஆண்டு நிறைந்த, பெருமளவு அசல் நிலையிலும் நல்ல பராமரிப்பிலும் இருக்கும் வண்டிக்கு நம்பரின் முடிவில் 'எச்' என்ற எழுத்து தருகிறார்கள். வரலாற்று வண்டி என்று பொருள். அதற்கு மாசு மண்டலத்தில் விலக்கு உண்டு. இந்த டீசலுக்கு சாதாரணமாக ஆண்டு வரி 900 யூரோவைத் தாண்டும். எச் இருந்தால் என்ஜின் எவ்வளவு பெரிதானாலும் ஒரே தொகை, 191 யூரோ 73 சென்ட். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்திய சிறிய பெட்ரோல் காருக்கு வழக்கமான வரியே இதைவிடக் குறைவாக இருக்கலாம். பெருமைக்காக எச் வாங்கி வருடாவருடம் கூடுதலாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இத்தகைய பழங்கால வண்டிகளுக்கான ஓல்ட்டைமர் இன்ஷூரன்ஸ் எடுக்கப் பல கம்பெனிகளில் அந்த எழுத்து தேவையே இல்லை.

எச் பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். பரிசோதகர் வண்டியைத் தூக்கியில் ஏற்றி, கீழே நின்று, ஜாக்கி வைக்கும் இடங்களை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீர் என்றது. ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமானது. அவர் கை நின்றது. அண்ணை மூச்சை அடக்கிக்கொண்டதை நான் பார்த்தேன். பூச்சுக்குக் கீழே இருந்தது மேல்துரு மட்டுமே. ஆனால் சக்கரங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார். 2000களில் ஆசையாக வாங்கி மாட்டிய அகன்ற அலுமினியச் சக்கரங்கள் அவை. அந்தக் காலத்து மாற்றம் அல்ல, ஆகாது. பழைய இரும்புச் சக்கரங்களை அண்ணை மரக்கறித் தோட்டத்துக் கொட்டிலில் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாயிற்று.

அடுத்தது விலை. தனி மதிப்பீட்டாளர் ஒருவர் வண்டியைப் பார்த்து, படங்கள் எடுத்து, 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போடுவார். 1 என்றால் குறையே இல்லாதது, 5 என்றால் பிரித்துக் கட்ட வேண்டியது. அண்ணையின் காருக்கு 3 கிடைத்தது. பக்கத்தில் சந்தை மதிப்பு 9,500 யூரோ. அந்தக் காகிதத்தைத்தான் காஸ்கோ ஒப்பந்தம் பிடித்துக்கொள்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் எவருக்கும் நான் சொல்வது இதுதான்: பிரீமியத்தைப் பேசுவதற்கு முன் மதிப்பீட்டைச் செய்யுங்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். இடி விழுந்த பிறகு எழுதப்படும் விலை உங்கள் விலையாக இருக்காது.

ஓல்ட்டைமர் பிரீமியம் மலிவு. ஆனால் பொதுவாகச் சில நிபந்தனைகள் உண்டு. தினசரி ஓட்ட வேறொரு கார் வீட்டில் இருக்க வேண்டும். இரவில் கராஜில் நிற்க வேண்டும். இளவயது ஓட்டுநர்களுக்கு அனுமதி இல்லை. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்தான். மீறினால் கம்பெனி பணத்தைக் குறைக்கலாம். ஆகவே இந்த ஒப்பந்தம், இந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறேன் என்பவருக்கு உதவாது. பத்து வயதிலிருந்து முப்பது வரை ஒரு கார் யாருக்கும் வேண்டாதது. அதை ஓட்டும் ஏழைக்குச் சலுகை இல்லை. முப்பதைத் தாண்டிய பிறகும், இரண்டாவது கார் வாங்க வசதி உள்ளவருக்குத்தான் சலுகை. இதில் எனக்கு வருத்தம் உண்டு.

நம்மூரிலும் இந்த இடைவெளி இருக்கிறது. இந்தியாவில் இன்ஷூரன்ஸ் மதிப்பு ஐந்தாம் ஆண்டுக்குள் பாதியாகிவிடும். அதற்குப் பிறகு அட்டவணை இல்லை, கம்பெனியும் நாமும் பேசி முடிவு செய்வதுதான் விலை. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 ஆண்டு கடந்த வண்டிதான் 'விண்டேஜ்'. அதற்குப் புதிதாகப் பதிய 20,000 ரூபாய். 1985ஆம் ஆண்டுப் பிரீமியர் பத்மினியைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் மதுரைக்காரருக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. அவர் பேசும்போது கையில் இருக்க வேண்டியதும் ஒரு மதிப்பீட்டுக் காகிதம், பழுதுக்குக் கொடுத்த ரசீதுகள், நாலு பக்கமும் எடுத்த படங்கள்.

அண்ணையின் ஒப்பந்தம் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர். ஓடோமீட்டர் எண்ணை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வருகிறார். அதில் முதல் பக்கத்திலேயே, வருடத் தொடக்கத்தில், 100 கிலோமீட்டரைக் கழித்துத் தனியாக எழுதிவிடுவார். ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குப் போய்வர.