மடவைக் குழம்பும் படைவீரர் வீட்டு வழக்கும்

மடவை மீனை ஆய்கிறவர்களுக்குத் தெரியும். செதிலைச் சுரண்டி, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்த பிறகும் வயிற்றின் உட்புறம் கறுப்பாக ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லுப்பைப் போட்டு விரலால் தேய்த்து அதையும் எடுத்தாக வேண்டும். விட்டுவிட்டால், எவ்வளவு நல்ல புளி ஊற்றினாலும் குழம்பில் ஒரு கசப்பு நிற்கும். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அடுப்படிக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான சட்ட உதவி எப்படி இயங்குகிறது என்று கேட்பவர்களுக்கு நானும் இங்கிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். வழக்கு கெட்டுப்போவது பெரும்பாலும் நீதிபதியின் முன்னால் அல்ல. அதற்கு வெகுநாள் முன்பே, காகிதத்தை ஆயும் இடத்தில்.

முதலில் திட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ஸ்ரீநகரில் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’வைத் தொடங்கியது. அப்போது ஆணைக்குழுவின் செயல் தலைவராக இருந்த நீதிபதி சூர்ய காந்த் தொடங்கிவைத்தார். பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர், அவர்களுடைய குடும்பத்தார் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி. அதற்காக மாநில, மாவட்ட அளவிலான முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்கள். அங்கே ஆணைக்குழுவின் பட்டியல் வழக்கறிஞர்களும் சட்டத் தன்னார்வலர்களும் உட்கார்வார்கள். தன்னார்வலர்களாக முன்னாள் படைவீரர்களையும் அவர்கள் வீட்டாரையுமே சேர்க்கலாம் என்பது திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

திட்டம் புதிது, தேவை பழையது. எல்லையில் நிற்கிறவனால் ஊரில் வாய்தாவுக்கு வர முடியாது என்பதற்காக, படைவீரர் வழக்குகளைத் தள்ளிவைக்க வழிசெய்யும் சட்டத்தை வெள்ளைக்காரர் காலத்திலேயே, 1925-இல், கொண்டுவந்தார்கள். ஆனால் தள்ளிவைப்பதால் வழக்கு தீராது. அவன் ஓய்வுபெற்று வந்த பிறகோ, இறந்த பிறகோ, அது அவன் வீட்டுப் பெண்களின் மடியில் வந்து விழுகிறது.

இனி அடுப்படிக்குப் போவோம். பட்டாளத்துக்காரர் வீட்டில் ஒரு கறுப்பு இரும்பு டிரங்குப் பெட்டி இருக்கும். மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில் படை எண், ரேங்க், பெயர். கணவர் இறந்து சில மாதம் கழித்து ஓர் அக்கா எனக்கு முன்னால் அப்படி ஒரு பெட்டியைத் திறந்தார்.

“அவரு இருந்த வரைக்கும் பேப்பரெல்லாம் அவருதாம்மா பாத்துக்கினாரு. நான் இந்தப் பொட்டியத் தொறந்ததே இல்ல.”

“பரவால்லக்கா. எல்லாத்தையும் வெளிய எடுத்து வெச்சிடுங்க. ஒண்ணு ஒண்ணா பாப்போம்.”

டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, கேன்டீன் கார்டு, மருத்துவ அட்டை, ரிப்பனோடு இரண்டு மெடல், ஒரு கல்யாண போட்டோ. ஏரிக்காற்றின் உப்பில் காகிதங்களின் ஓரமெல்லாம் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தன. பெட்டியில் எதுவும் குறையவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அக்காவின் பெயர் கல்யாணத்துக்கு முந்தைய அப்பா இனிஷியலோடு இருந்தது. ஆதாரில் வீட்டுக்காரரின் இனிஷியல். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். பிறந்த வருடமும் இரண்டு இடத்தில் ஒத்துப்போகவில்லை. நமக்கு இது நாலும் ஒரே ஆள்தான். பென்ஷனை வழங்கும் ‘ஸ்பர்ஷ்’ கணினிக்கு நாலு ஆள். நான் சொன்ன கறுப்புச் சவ்வு இதுதான்.

இதைத் தேய்த்து எடுக்கும் வேலை அலுப்பானது, யாரும் பாராட்டாதது. இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், நாலு பெயரும் ஒருவரே என்ற நோட்டரி உறுதிமொழி, இவையெல்லாம் சேர்ந்து சரியான அலுவலகத்துக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் பதிவு அலுவலகம் நீலகிரி வெலிங்டனில். கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்குர்டில். பென்ஷன் கணக்கு பிரயாக்ராஜில். ஒரு குப்பத்துப் பெண் அந்த மூன்று ஊருக்கும் போக முடியாது, போகவும் வேண்டாம். எந்தக் கடிதம் எந்த ஊருக்கு என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். சட்டத் தன்னார்வலரின் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

அடுத்தது சட்டி. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் நிறமும் ருசியும் மாறிப்போகும். அதற்கு மண்சட்டிதான் ஏற்றது. வழக்கிலும் எதை எதில் ஏற்றுவது என்பதில்தான் பலர் வருடக்கணக்கை இழக்கிறார்கள். பென்ஷன் மறுக்கப்பட்டது, ஊனத்துக்கான தொகை குறைக்கப்பட்டது போன்ற பணி சார்ந்த குறைகளை உள்ளூர் முன்சீப் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை. அதற்கென்று 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆயுதப் படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. படைவீரர் இறந்திருந்தால் அவரைச் சார்ந்தவர்களும் வாரிசுகளும் அங்கே போகலாம். கரையோர ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தத் தீர்ப்பாயம் தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு மட்டும். கடலோரக் காவல்படையில் இருந்தவர்களுக்கு அது கிடையாது, அவர்கள் உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். உடுப்பு பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் இதில் ஏமாந்தவர்கள் உண்டு.

நிலம், வீடு, கடன், காசோலை, விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை போன்றவை மண்சட்டிக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்கு, ஏற்றவை. சமரசத்துக்கு இடமில்லாத குற்ற வழக்குகளை அங்கே எடுக்கவே சட்டம் விடாது. அடிதடி நடக்கும் வீட்டுப் பெண்ணை ‘பேசித் தீர்த்துக்கொள்’ என்று அந்தப் பக்கம் தள்ளிவிடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அவளுக்கு முதலில் வேண்டியது 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் தரும் பாதுகாப்பு உத்தரவு. எதிராளி நாட்டுக்காக நின்றவர் என்பதற்காக அவள் வாங்கிய அடி குறைந்துவிடாது.

புளி கரைப்பது மனு. அவசரத்துக்குக் கரைத்த புளி நீர்த்துப்போகும், ஊறவைத்துக் கரைத்தால்தான் சாறு இறங்கும். குறை சொல்ல வருகிறவர் முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லமாட்டார். இலவச உதவி கேட்கும் மனுவைத் தமிழிலேயே வெள்ளைத்தாளில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் போதும், தன்னார்வலர் எழுதிக்கொள்வார். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. வீட்டில் பென்ஷன் வருகிறது, ஃபைபர் படகு இருக்கிறது என்று சொல்லி எந்தப் பெண்ணையும் திருப்பி அனுப்ப முடியாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழவேற்காட்டில் ஒழுங்கான நியாயமுறைக்குப் பஞ்சமில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பாடு முறையைப் படித்துப்போக ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் சுத்துவலை கட்டுவது என்பதைக் குலுக்கலும் முறைவைப்பும் தீர்மானிக்கின்றன. யாருக்கும் நல்ல இடம் நிரந்தரமில்லை. அதைக் கட்டிக்காத்த ஊரை நான் மதிக்கிறேன். ஆனால் பாடு உரிமையுள்ள தலைக்கட்டுகள் ஆண்கள். ஊர்ப் பேச்சில் விதவையின் குரல் மச்சினர் வழியாகவோ மகன் வழியாகவோதான் ஏறும். அந்த மச்சினரே எதிர்த்தரப்பாக இருந்தால் அவள் எங்கே போவாள்? தன் பெயரில் தானே உட்கார்ந்து பேச அவளுக்கு ஓர் இடம் வேண்டும்.

இனி தீ. இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணன் பதினேழு வருடம் படையில் இருந்தான். மாதாமாதம் பணம் அனுப்பினான். அந்தப் பணத்தில் அப்பா பெயரில் இருந்த மனையில் வீடு எழும்பியது, ஒரு ஃபைபர் படகும் இன்ஜினும் வந்தன. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவன் தம்பி என்பதால் படகு தம்பி பெயரில். அப்பா, அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும், புயலில் கூரையைக் கட்டியதும், கடலுக்குப் போனதும் தம்பி. அண்ணன் திரும்பி வந்து “என் காசு” என்கிறான். தம்பி “என் உழைப்பு” என்கிறான். இரண்டும் உண்மை. இப்படிப்பட்ட வழக்கில் முழுத் தீர்ப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரியும், நடுவில் ஒரு சுவர் நிற்கும்.

குழம்பு நன்றாகக் கொதித்து மசாலா வாசனை அடங்கிய பிறகுதான் மீனைப் போடுவோம். போட்ட பிறகு கரண்டி விடக்கூடாது. துணியால் சட்டியின் கழுத்தைப் பிடித்து இலேசாக ஒரு சுழற்றுச் சுழற்ற வேண்டும். கரண்டி விட்டால் மடவை உடைந்து முள்ளும் சதையுமாகிவிடும். மக்கள் நீதிமன்றத்துக்கு முன்னால் நடக்கும் முன்அமர்வுகள் இந்தக் கொதிக்கும் நேரம்தான். கோபம் முழுக்க அங்கே வெளியே வர வேண்டும். வாங்கிய பணத்துக்கு ரசீது உண்டா என்று முதல் அமர்விலேயே கிண்டுகிற வழக்கறிஞர் கரண்டியை விடுகிறார். அனுபவமுள்ளவர் அண்ணனிடம் தம்பியின் வருடங்களைப் பற்றிக் கேட்பார், தம்பியிடம் அண்ணன் இருந்த இடத்தின் குளிரைப் பற்றிக் கேட்பார். தொகையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

திட்டத்தில் பிடித்த பகுதி என்று சொன்னேனே, அதன் பலன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் 2008-இல் முன்னாள் படைவீரர்களுக்கென்றே ஒரு சிகிச்சை நீதிமன்றத்தைத் தொடங்கினார். குடி, போதை, மனக்காயம் ஆகியவற்றால் குற்ற வழக்கில் சிக்கிய படைவீரருக்குச் சிறைக்குப் பதிலாக நீதிமன்றக் கண்காணிப்பில் சிகிச்சை. பக்கத்தில் துணையாக இன்னொரு முன்னாள் படைவீரர். நம்மிடம் அப்படி நீதிமன்றம் இல்லை. ஆனால் அந்தத் துணையாளுக்கான இடம் வீர் பரிவார் திட்டத்தில் இருக்கிறது. நான் எவ்வளவு பொறுமையாகக் கேட்டாலும் வாய் திறக்காத மனிதர், எதிரே உட்கார்ந்திருப்பவர் “எந்த யூனிட்?” என்று கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார். ராத்திரி தூக்கம் வராததும், அதனால் குடிப்பதும், குடித்துவிட்டுத் தம்பியோடு சண்டை போடுவதும் அதன் பிறகுதான் வெளியே வரும். அதைக் கேட்காமல் வீட்டைப் பாகம் பிரித்து என்ன பயன்?

சட்டியை இறக்குவதற்கு முன் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்ப்போம் அல்லவா, கையெழுத்துக்கு முன் அதைக் கட்டாயம் செய்ய வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் எழுதப்படும் உடன்பாடு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதற்கு மேல்முறையீடு கிடையாது. நீதிமன்றத்தில் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், வழக்கு அன்றோடு முடிந்தது. முடிந்தது என்பதாலேயே ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக்காட்டச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் எவ்வளவு, படகு யார் பெயருக்கு எப்போது மாறும், அம்மா எந்த அறையில் இருப்பார், எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டு அப்படியே பழைய கோர்ட்டுக்குத் திரும்பிப் போகும், வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும், யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. தேசிய மக்கள் நீதிமன்ற நாளில் ஒரே நாளில் நிறைய வழக்கு முடிய வேண்டும் என்ற வேகம் எல்லோருக்கும் இருக்கும். அந்த வேகத்துக்கு ஓர் அம்மாவின் அறையைப் பலி கொடுக்கக்கூடாது.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வட்ட சட்டப் பணிகள் குழு அங்கே நீதிமன்றத்தோடு இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் அதன் மையமும் திருவள்ளூரில். பொன்னேரி போய் வேறு வண்டி பிடித்துத் திருவள்ளூர் போய்வர ஒரு நாள் போய்விடும். விடிகாலையில் வலை திரும்பும், உடனே ஏலம், பிறகு கூடையோடு பஸ் ஏறினால் பெண்கள் வீடு திரும்ப மதியமாகும். காலை பத்து மணிக்கு முகாம் என்றால் வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள். மாதம் ஒரு நாள், மதியம் இரண்டு மணிக்கு மேல், மீன் மார்க்கெட் பக்கத்திலேயே ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு வழக்கறிஞரும் ஒரு முன்னாள் படைவீரரும் உட்கார்ந்தால் டிரங்குப் பெட்டிகள் தானாக வந்து சேரும். அதுவரை 15100 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள், அது தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண். மையத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஜெராக்ஸ் மட்டும் போதாது, அசலையும் எடுத்துப்போங்கள். பென்ஷன் வாங்குகிறவர் வருடாந்திர வாழ்வுச் சான்றைக் கொடுத்தாயிற்றா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். அது விட்டுப்போனால் வழக்கே இல்லாத வீட்டிலும் பென்ஷன் நின்றுபோகும்.