பெட்ரோலும் பொதுஜன அபிப்பிராயமும்

வரிகளில் இரண்டு ஜாதி உண்டு. சீட்டைக் கையில் கொடுத்து, கேட்டு வாங்கும் வரி ஒன்று. பண்டத்தின் விலைக்குள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டு, கேட்காமலே வாங்கிக்கொள்ளும் வரி மற்றொன்று. வீட்டு வரிக்குச் சீட்டு வந்தால் நாம் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒன்றுக்கு இரண்டு தடவை படிக்கிறோம். ஐம்பது ரூபாய் அதிகமாகப் போட்டிருந்தால் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை பிடிக்கவும் தயங்குவதில்லை. விலைக்குள் இருக்கும் வரிக்கோ சீட்டும் இல்லை, சண்டையும் இல்லை. விலைவாசி ஏறிவிட்டது என்று பெருமூச்சு விடுவதோடு சரி.

நம் நாட்டு ஜனங்கள் இந்த இரண்டாவது ஜாதி வரியை அறியாதவர்கள் அல்லர். உப்பு வரி அத்தகையதுதான். கோடிக்கணக்கான ஏழைகள், தாங்கள் வரி கொடுக்கிறோம் என்பதை அறியாமலே தினந்தோறும் கொடுத்து வந்தார்கள். 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் காந்திஜி தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதத்தில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். அந்த ஒரு பிடி உப்பு செய்த பெரிய காரியம், விலைக்குள் ஒளிந்திருந்த வரியைப் பிடித்து வெளியே இழுத்து வெயிலில் நிறுத்தியதுதான். 1947-ல் அந்த வரி ஒழிந்தது.

பெட்ரோல் வரியை உப்பு வரியோடு ஒப்பிடுவது நியாயமாகாது. அன்று வரி போட்டவர்கள் அந்நியர்கள். இன்று வரி போடுகிறவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். ஆகவே இதற்குச் சத்தியாக்கிரகம் வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் கேட்க வேண்டாமா? 2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டியபோது ஊரெங்கும் அதே பேச்சாயிருந்தது. அரபு நாட்டான் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டான் என்றார் ஒருவர். எல்லாம் மத்திய சர்க்கார் செய்கிற வேலை என்றார் இன்னொருவர். இல்லை, மாநில சர்க்கார்தான் என்றார் மூன்றாமவர். மூவர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. யாருக்கு எவ்வளவு என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

நாமோ பள்ளிக்கூட வாத்தியார். கணக்கு என்று வந்துவிட்டால் கரும்பலகையைத் தேடுவது நமக்குப் பழக்கம். ஆகவே வாசகர்கள் ஒரு சின்னக் கணக்குக்குப் பொறுமை காட்ட வேண்டுகிறோம்.

2021 பிப்ரவரி மத்தியில் டில்லியில் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலை 89 ரூபாய் 29 காசு. இதில் எண்ணெய்க் கம்பெனியின் விலையும் வண்டிக் கூலியும் சேர்ந்து 32 ரூபாய் 10 காசு. மத்திய சர்க்காரின் கலால் வரி 32 ரூபாய் 90 காசு. பெட்ரோல் பங்க்காரரின் கமிஷன் 3 ரூபாய் 68 காசு. டில்லி சர்க்காரின் விற்பனை வரி 20 ரூபாய் 61 காசு. கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். வரி மட்டும் 53 ரூபாய் 51 காசு. அதாவது, நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டவர் அறுபது ரூபாய்க்கு வரி போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்.

இந்தக் கணக்குக்குள் இன்னொரு விசித்திரம் உண்டு. டில்லி சர்க்காரின் வரி நூற்றுக்கு 30. எதன் மேல் 30? எண்ணெயின் விலையோடு கலால் வரியையும் கமிஷனையும் சேர்த்து வந்த 68 ரூபாய் 68 காசின் மேல். ஆகவே மத்திய சர்க்கார் வாங்கிய 32 ரூபாய் 90 காசு வரிக்கும் மாநில சர்க்கார் 9 ரூபாய் 87 காசு வரி வாங்கியது. வரிக்கு வரி! வட்டிக்கு வட்டி வாங்குகிறவனை நம் ஜனங்கள் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

மாநிலங்கள் மட்டும் என்ன செய்யும் என்று கேட்கலாம். அவற்றுக்கும் ஒரு குறை உண்டு. அது நியாயமான குறை. அந்த 32 ரூபாய் 90 காசில், மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. பாக்கியில் 18 ரூபாய் சாலை மேல்வரி, 11 ரூபாய் விசேஷக் கூடுதல் வரி, 2 ரூபாய் 50 காசு விவசாய மேல்வரி. மேல்வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அரசியல் சட்டத்தில் இல்லை. 1 ரூபாய் 40 காசில் நூற்றுக்கு 41 வீதம் 57 காசு. அதை எல்லா மாநிலங்களும் பிரித்துக்கொள்ள வேண்டியது!

வரி இவ்வளவு உயரம் ஏறியது எப்படி? அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். விலை ஏறும் காலத்தில் வரியை ஏற்றினால் கூச்சல் எழும். உலகச் சந்தையில் விலை இறங்கும் காலத்தில் ஏற்றினால் சத்தமே எழாது. 2014-ம் வருஷத்தின் பிற்பாதியில் கச்சா எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. அந்த நவம்பர் முதல் 2016 ஜனவரி வரைக்கும் கலால் வரி ஒன்பது தடவை ஏற்றப்பட்டது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11 ரூபாய் 77 காசு, டீசலுக்கு 13 ரூபாய் 47 காசு கூடிற்று. 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, எண்ணெய் வாங்குவாரின்றிக் கிடந்தது. அந்த மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஒரே நாளில் ஏற்றப்பட்டன. பங்கில் விலை மாறவில்லை. ஆகவே பேச்சும் எழவில்லை. எண்ணெய்ப் பொருள்களின் கலால் வரியாக மத்திய சர்க்காருக்கு 2019-20-ல் வந்தது ஏறக்குறைய 2 லட்சத்து 23 ஆயிரம் கோடி. வண்டிகள் ஓடாமல் நின்ற 2020-21-ல் வந்தது ஏறக்குறைய 3 லட்சத்து 73 ஆயிரம் கோடி.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது தர்மமன்று. அதற்கு முன்பு ஆண்டவர்களும் உண்மை விலையை நமக்குக் காட்டியவர்கள் அல்லர். 2008-ல் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலர் வரை போனபோது, அந்தப் பளு முழுவதையும் ஜனங்கள் மேல் ஏற்றாமல், எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். 2014-ல் அந்த வகையில் நின்ற முதல் ஏறத்தாழ 1 லட்சத்து 30 ஆயிரம் கோடி. அவர்கள் கடனை மறைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் வரியை மறைத்தார்கள். மறைக்கும் கலையில் கட்சி வித்தியாசம் இல்லை. 2017 ஜூலையில் நாடெங்கும் ஒரே வரி என்று சரக்கு சேவை வரி வந்தபோது பெட்ரோலும் டீசலும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய வரி மன்றத்தில் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. இதற்குக் காலம் இன்னும் வரவில்லை என்று தீர்மானமாயிற்று. மற்ற விஷயங்களில் எதிரும் புதிருமாக நிற்கும் சர்க்கார்கள் இதில் காட்டிய ஒற்றுமை மெய்சிலிர்க்கச் செய்வது.

அப்படியானால் இந்த விஷயத்தில் பொதுஜன அபிப்பிராயத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆனால் அதற்கு ஒரு பருவம் உண்டு. 2017 ஜூன் 16-ந் தேதி முதல் பெட்ரோல் விலை உலகச் சந்தையை ஒட்டித் தினந்தோறும் மாறும் என்று ஏற்பாடாயிற்று. 2021 நவம்பர் முதல் வாரத்தில் வரி குறைந்த பிறகு 137 நாள் அந்த விலை அசையவேயில்லை. அந்த நாட்களில் உலகில் எண்ணெய் விலை மலைபோல் ஏறிக்கொண்டிருந்தது. உத்தரப் பிரதேசம் முதலிய ஐந்து மாநிலங்களில் தேர்தலும் நடந்துகொண்டிருந்தது. மார்ச் 10-ந் தேதி முடிவுகள் வெளியாயின. மார்ச் 22-ந் தேதி விலை விழித்துக்கொண்டது. ஏப்ரல் 6-ந் தேதிக்குள் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறிற்று. 2024-லும் லோக்சபைத் தேர்தல் தேதிகள் வெளியாவதற்குச் சற்று முன்னால் 2 ரூபாய் இறங்கிற்று. ஜனங்களின் கோபம் சர்க்காருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. எந்த மாதத்தில் அதற்குப் பயப்பட வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது.

கோபம் மட்டும் போதுமா என்பதற்கு இங்கிலாந்தின் சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1909-ல் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்குக் காலனுக்கு 3 பென்னி வரி போட்டபோது, அந்தப் பணம் சாலைகளுக்கே செலவாகும் என்று வாக்களித்தார். சாலை நிதி என்று ஒன்றும் பிறந்தது. 1926-ல் நிதி மந்திரியாயிருந்த சர்ச்சில் அதில் கை வைத்தார். பிறகு அது மற்ற வருமானத்தோடு கலந்து மறைந்தது. 1993 முதல் விலைவாசி ஏற்றத்துக்கும் மேலாக வருஷந்தோறும் எரிபொருள் வரியை உயர்த்தினார்கள். சுற்றுப்புறத்தின் நன்மைக்காக என்று காரணம் சொன்னார்கள். பெட்ரோல் விலையில் முக்கால் பங்கு வரியாகிவிட்டது. 2000-ம் வருஷம் செப்டம்பரில் விவசாயிகளும் லாரிக்காரர்களும் ஸ்டான்லோ முதலிய எண்ணெய் ஆலைகளின் வாசலை மறித்தார்கள். சில நாட்களில் நாடு ஸ்தம்பித்தது. ஆளும் கட்சியின் செல்வாக்கு, அபிப்பிராய வாக்கெடுப்புகளில், எட்டு வருஷங்களில் முதல் முறையாக எதிர்க்கட்சிக்குக் கீழே போயிற்று. 2011-ல் ஒரு பென்னி குறைத்த பிறகு, பத்து வருஷத்துக்கு மேல் எந்த மந்திரியும் அந்த வரியை உயர்த்தத் துணியவில்லை.

இது ஜனங்களுக்கு வெற்றிதானே என்று தோன்றும். பாதி வெற்றிதான். வரி நின்றது, வரி எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை வரவில்லை. கணக்குக் கேட்காத கோபம், மிஞ்சிப் போனால், ஒரு சர்க்காரைப் பயமுறுத்தும், அதைத் திருத்தாது.

நம் நாட்டிலும் அதே கதையின் முற்பகுதி நடந்திருக்கிறது. 1927-ல் எம். ஆர். ஜயகர் தலைமையில் அமைந்த சாலைக் கமிட்டி, பெட்ரோலுக்குக் காலனுக்கு 2 அணா கூடுதல் வரி போட்டு, அதைச் சாலை அபிவிருத்திக்கென்று தனியே வைக்கச் சொல்லிற்று. 1929-ல் அந்த நிதி ஏற்பட்டது. மோட்டார்க்காரன் கொடுப்பது சாலைக்கே திரும்பட்டும் என்பது அதன் தத்துவம். அந்தத் தத்துவத்தின் வாரிசுதான் சாலை மேல்வரி. ஆனால் வண்டி வைத்திருக்கும் குடும்பம் சாலைக்காக எத்தனை தடவை கொடுக்கிறது? வாங்கும்போதே ஆயுட்கால வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், லட்ச ரூபாய் வரையுள்ள புது ஸ்கூட்டருக்கு அது நூற்றுக்குப் பத்து. ஓட்டும்போது லிட்டருக்கு லிட்டர் மேல்வரி. வாடகைக் காரில் நெடுஞ்சாலையில் ஏறினால் சுங்கச்சாவடி. ஒரே சாலைக்கு மூன்று வாசலில் மூன்று உண்டியல்!

இதனால் பெட்ரோலுக்கு வரியே கூடாது என்பது நம் கட்சியன்று. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது; அதைச் சிக்கனமாகச் செலவிடச் செய்வது தேச நன்மைக்கு உகந்ததே. புகையால் கெடும் காற்றுக்கும் ஒரு விலை உண்டு. மேலும், மோட்டார் வைத்திராதவரும் இந்த நாட்டுப் பிரஜைகளே. நடுத்தர வகுப்பினராகிய நாம் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும்போது கூச்சலிடுகிறோம். ஒட்டன்சத்திரத்திலிருந்து கறிகாய் ஏற்றி வரும் லாரியின் டீசல் வரியை, ஸ்கூட்டரே இல்லாத கூலிக்காரி கத்திரிக்காய் விலையில் கொடுக்கிறாள். அவளுக்குக் கூச்சலிடக் கூட இடமில்லை. அவளிடம் வாங்கிய வரி பஸ்ஸாகத் திரும்பினால் அது நல்ல வரி. தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் ஏற்பட்டதை இந்த நோக்கத்தோடு பார்க்க வேண்டும். பஸ் வராத கிராமத்தில் இருப்பவனிடம் பெட்ரோலைக் குறை என்று உபதேசிப்பது மட்டும் பலிக்காது. 2018 நவம்பரில் பிரான்ஸ் தேசத்தில் மஞ்சள் சட்டை அணிந்து லட்சக்கணக்கானவர் தெருவுக்கு வந்தார்களே, அவர்களில் பலர் இப்படி வண்டியை விட்டால் வேறு கதியற்ற சிற்றூர்வாசிகள்தாம். அங்கே சர்க்கார் உத்தேசித்திருந்த வரி உயர்வைக் கைவிட்டது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, பெட்ரோல் பங்கில் கொடுக்கும் ரசீதிலேயே எண்ணெய்க்கு எவ்வளவு, மத்திய வரி எவ்வளவு, மாநில வரி எவ்வளவு என்று அச்சிட வேண்டும். ஹோட்டலில் இரண்டு இட்லிக்குக் கொடுக்கும் பில்லில் செய்ய முடிகிறது. இதில் செய்ய முடியாதா? இரண்டாவது, சாலை மேல்வரி என்று வாங்கியதில் எந்த ஜில்லாவில் எந்தச் சாலைக்கு எவ்வளவு போயிற்று என்பதை, பஞ்சாயத்துப் பலகையில் எழுதுவதுபோல் வருஷந்தோறும் எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாவது, உலகில் விலை இறங்கும்போது வரி ஏறுமானால், விலை ஏறும்போது வரி இறங்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் ஒரு விதி வேண்டும், தேர்தல் தேதி விதியாக இருக்கக் கூடாது.

இவற்றைக் கேட்பதற்குக் கொடியும் கோஷமும் தேவையில்லை. வீட்டில் மாதக் கணக்கு எழுதும் நோட்டில் பெட்ரோல் என்று ஒரு வரி எழுதுகிறோமல்லவா? அதற்குக் கீழே, இதில் வரி இவ்வளவு என்று இன்னொரு வரி எழுதத் தொடங்குவோம். குழந்தைகளைக் கொண்டே அந்தக் கணக்கைப் போடச் சொல்வோம். ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், ஒரு டம்ளர் மோர் கொடுத்து உபசரித்து, அந்த நோட்டையும் எடுத்துக் காட்டுவோம். பதில் சொல்லட்டும்.