கடல் சூழ்ந்த கற்கள் - 9: மலைக்குள் ஒரு வாய்க்கால்

டெலோஸ் தீவில் நாடகக்களத்து மழைநீரைப் பிடித்துவைத்த தொட்டி நினைவிருக்கும். இந்த வாரம் சாமோஸ். ஹீரா கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன்.

போகலாம். வழியில் ஒரு மலை இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் என்னால் வேறெதையும் எழுத முடியும்.

சாமோஸ், துருக்கிக் கரையை ஒட்டிய தீவு. கடல் ஒடுங்கும் இடத்தில் அக்கரைக்கு 2 கி.மீ. கூட இல்லை. கி.மு. 6-ம் நூற்றாண்டில் ஊர் கடலோரம், மதிலுக்குள் இருந்தது. நல்ல ஊற்றோ மலைக்கு அந்தப் பக்கம். முற்றுகை போடுகிறவன் முதலில் தண்ணீரைத்தான் மறிப்பான். மலையைச் சுற்றி வாய்க்கால் வெட்டினால் அவன் கண்ணில் படும். ஆகவே மலையையே குடைந்தார்கள். பொறுப்பேற்றவர் மெகாராவிலிருந்து வந்த யூபலினோஸ். நீளம் 1,036 மீட்டர். உயரமும் அகலமும் ஏறத்தாழ 1.8 மீட்டர். கருவி, உளியும் சுத்தியலும்.

இந்த வாரம் முழுக்க என்னை விடாமல் பிடித்துவைத்த செய்தி இனிமேல்தான். இரண்டு முனைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வெட்டினார்கள்!

அந்த இடுக்கில் இரண்டு பேருக்கு மேல் நின்று பாறை வெட்ட முடியாது. இருபுறமும் தொடங்கினால் காலம் பாதியாகக் குறையும். சந்திக்காவிட்டால் இரண்டு குருட்டுச் சுரங்கங்கள்தான் மிஞ்சும். திசைகாட்டி கிடையாது. வடக்கே பாறை நொய்ந்து நீர் கசிந்ததால், நேர்கோட்டை விட்டு விலகிச் சுற்றிவர வேண்டியிருந்தது. கணக்குப் போட்டுத் திரும்பவும் பழைய கோட்டைப் பிடித்திருக்கிறார்கள். நடுப்பகுதி நெருங்கியதும் யூபலினோஸ் செய்தது அபாரம். இரண்டு சுரங்கங்களும் சற்றுத் தள்ளித் தள்ளி இணையாக வந்தால் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். ஆகவே வேண்டுமென்றே பாதையை வளைத்தார். குறுக்கே போகிற கோடு மற்றதை எங்காவது வெட்டித்தானே ஆக வேண்டும்? உயரத்தில் பிசகினால்? ஒரு பக்கம் கூரையை உயர்த்தினார், மறுபக்கம் தரையைத் தாழ்த்தினார். சந்தித்தார்கள். தரைமட்டத்தில் வித்தியாசம் சுமார் 60 செ.மீ. தன் கணக்கு பிசகக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட மனிதர் அவர். 1955-ல் ஊருக்குப் பித்தாகோரியோ என்று பித்தாகோரஸின் பெயரை வைத்தார்கள். நானாக இருந்தால் யூபலினோஸின் பெயரை வைத்திருப்பேன்.

சுரங்கத்தின் தரை ஏறக்குறைய மட்டம். தண்ணீர் ஓட வாட்டம் வேண்டுமே? அதற்காகப் பக்கத்தில் தனிப்பள்ளம் பறித்தார்கள்: வடமுனையில் சுமார் 4 மீட்டர் ஆழம், தென்முனையில் 8 மீட்டருக்கு மேல். அதன் அடியில் சுடுமண் குழாய்கள். சுமார் ஆயிரம் ஆண்டுகள் ஊருக்குத் தண்ணீர் வந்தது.

சாமோஸ் மக்களைப் பற்றி நீட்டி எழுதியதற்கு ஹெரோடோட்டஸ் காரணம் சொல்கிறார்: கிரேக்கர்களின் மாபெரும் பணிகளில் மூன்று இங்கே இருக்கின்றன. முதலில் சுரங்கம், அடுத்து துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர், மூன்றாவதுதான் ஹீரா கோயில். அவர் வரிசைதான் என் வரிசையும்.

சாமோஸை ஆண்ட பாலிக்ரட்டீஸின் மோதிரக் கதையும் அவர் சொன்னதுதான். தொட்டதெல்லாம் அவனுக்குத் துலங்குவதைக் கண்டு அஞ்சிய எகிப்து மன்னன் அமாசிஸ், உனக்கு மிகப் பிரியமானதை எறிந்துவிடு என்று எழுதினான். பாலிக்ரட்டீஸ் மோதிரத்தைக் கடலில் எறிந்தான். மீனவன் ஒருவன் காணிக்கையாகத் தந்த பெரிய மீனின் வயிற்றில் அது திரும்பி வந்தது. சகுந்தலைக்கு மோதிரம் விழுங்கிய மீன் வாழ்வைத் திருப்பித் தந்தது. இங்கேயோ, இவ்வளவு அதிர்ஷ்டம் நல்லதற்கில்லை என்று அமாசிஸ் நட்பையே முறித்துக்கொண்டான். பாலிக்ரட்டீஸுக்குக் கொடூரமான சாவுதான் வாய்த்தது.

போகிறவர்களுக்கு: சுரங்கத்தில் தலைக்கவசம் தருவார்கள், கழற்றாதீர்கள். தொடக்கப் பாதை மிகவும் குறுகல். இடுக்கான இடங்களில் மூச்சு முட்டுகிறவர்கள் வதி நகர அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கிட்டத்தட்ட 5 மீட்டர் உயரத்தில் சலவைக்கல் இளைஞன் ஒருவன் அங்கே நிற்கிறான்.

பக்கம் நிரம்பிவிட்டது, ஆசிரியர் குழு காத்திருக்கிறது. ஹீரா கோயில் அடுத்த இதழில். அதில் இன்று நிற்பது ஒரே ஒரு தூண். அவ்வளவு பெரிய கோயிலை ஆற்று முகத்துவாரச் சதுப்பு நிலத்தில் ஏன் கட்டினார்கள் என்று கேட்டால், மறுபடியும் தண்ணீரில்தான் போய் நிற்போம்.